கச்சேரிப் பதிவை யூடியூபில் ஏற்றுவதற்கு முன்: உரிமை பார்ப்பதும் ஹெட்போன் தேர்வதும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரங்களில் பாடியும் வாசித்தும் வருகிற, ஆனால் தம் பதிவுகளை இணையத்தில் வெளியிட்டுப் பழக்கமில்லாத கலைஞர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. கோயில் உற்சவத்தில் வாசிக்கும் நாகஸ்வர, தவில் குழுவினர், பஜனை மண்டலியினர், பிள்ளைகளின் அரங்கேற்றத்தைப் பதிவு செய்து வைக்க விரும்பும் பெற்றோர் ஆகியோருக்கும் இது பயன்படும். எங்கள் குழு ஏற்றிய ஒரு தியாகராஜ கிருதியின் மீது, அதே கிருதியை வேறொரு வித்வான் பாடி வெளியிட்டிருந்த ஓர் இசை நிறுவனம் உரிமை கோரியது. 1847இல் சித்தியடைந்த ஒருவரின் கிருதி எப்படி இன்னொருவருக்குச் சொந்தமாகும், அதற்கு எந்தக் கட்டத்தில் என்ன பதில் எழுத வேண்டும், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கேட்டால், ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

உரிமையையும் ஹெட்போனையும் ஒரே கட்டுரையில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பதிவுக்குள் என்னென்ன ஒலிகள் புகுந்திருக்கின்றன என்பது நமக்கே தெரியாதபோது, அதில் யாருக்கு என்ன பாத்தியதை என்று வாதாட முடியாது. ஏற்றும் வீடியோவின் ஒலியைப் பிறர் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிற யூடியூபின் இயந்திரத்துக்குக் கேட்கிற ஒலி நம் காதுக்கும் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்.

1. ஒரு பாட்டுக்குள் இருக்கும் நான்கு உரிமைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலான குழப்பங்கள் ‘இந்தப் பாட்டு யாருடையது?’ என்று ஒருமையில் கேட்பதால்தான் வருகின்றன. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் மேடையில் பாடிப் பதிவு செய்யும் ஒரு பாட்டில் சாஹித்யம் (பாடலின் சொற்கள்) தனி, மெட்டு தனி, ஒலிப்பதிவு தனி, அதில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் உள்ள நிகழ்த்துநர் உரிமை தனி. சாஹித்யம் இலக்கியப் படைப்பாகவும், மெட்டு இசைப் படைப்பாகவும் கணக்கிடப்படுகின்றன.

சாஹித்யத்துக்கும் மெட்டுக்கும், இயற்றியவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் தேதியிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள். நிகழ்த்துநர் உரிமை, நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 50 ஆண்டுகள். ஒலிப்பதிவின் உரிமையாளர் பாடியவர் அல்லர். பதிவை முன்னின்று பொறுப்பேற்றுச் செய்தவர், அதாவது தயாரிப்பாளர். இந்த ஒரு வரியை மறந்தவர்கள்தான் பின்னால் அதிகம் சிரமப்படுகிறார்கள்; மூன்றாம் படியில் அதற்கு வருகிறேன்.

ராகம், தாளம், கச்சேரி மரபு ஆகியவை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒரு ராகத்தில் அமைந்த குறிப்பிட்ட உருப்படி, அதாவது பாடல், சொந்தமாகலாம். இந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது நீதிமன்றத்திலேயே தீராத விவாதம். டாகர் குடும்பத்தாரின் துருபத் (இந்துஸ்தானி இசை வகை) உருப்படி ஒன்றைத் தழுவியது என்று ‘பொன்னியின் செல்வன் 2’ படத்தின் பாடலொன்றின் மீது தொடரப்பட்ட வழக்கில், தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2025 ஏப்ரலில் டாகர் தரப்புக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. பெரிய இடத்திலேயே இப்படி என்றால், நம்மைப் போன்றவர்கள் சந்தேகம் உள்ள உருப்படியைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

2. பாடல் பட்டியலை ஆண்டுகளோடு எழுதுங்கள்

பதிவுக்கு முன்பே ஒரு நோட்டில் ஒவ்வொரு உருப்படிக்கும் சாஹித்யகர்த்தா யார், மெட்டமைத்தவர் யார், இருவரும் மறைந்த ஆண்டுகள் எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் குருவிடம் கேட்டால் பாதிக்குமேல் அங்கேயே முடிந்துவிடும்.

கர்நாடக இசையின் மும்மூர்த்திகளைப் பற்றிக் கவலை வேண்டாம். சியாமா சாஸ்திரி 1827இலும், முத்துஸ்வாமி தீட்சிதர் 1835இலும், தியாகராஜ சுவாமிகள் 1847இலும் மறைந்தவர்கள். தியாகராஜரின் பஞ்சரத்ன கிருதிகள் ஐந்தையும் நீங்கள் உங்கள் குரலில் பாடி எங்கு வேண்டுமானாலும் வெளியிடலாம். தேவாரப் பதிகங்களை ஓதுவார் மரபில் வந்த பண்களில் பாடுவதற்கும் தடையில்லை.

கவனிக்க வேண்டியது, சாஹித்யம் பழையதாகவும் மெட்டு புதியதாகவும் இருக்கும் பாடல்களைத்தான். மார்கழியில் வீதிதோறும் கேட்கும் திருப்பாவையின் பாசுரங்கள் ஆண்டாளுடையவை. ஆனால் கச்சேரி மேடையில் பரவலாகப் பாடப்படும் மெட்டு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்தது. அவர் மறைந்தது 1967இல் என்பதால், மெட்டுக்கான காலம் 2027 டிசம்பர் 31 வரை ஓடுகிறது. சீர்காழி மூவரின் (முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை) கீர்த்தனைகளிலும் பலவற்றின் பழைய மெட்டு வழக்கொழிந்து, இப்போது பாடப்படுவது பிற்காலத்தில் அமைந்ததாகவே இருக்கிறது. அருணாசலக் கவிராயர் 1779இல் மறைந்தவர் என்பதைக் காட்டி மட்டும் அங்கே தப்ப முடியாது. பாரதியார் பாடல்களிலும் இதே நிலைதான்: சொற்கள் பொதுவுடைமை, மெட்டு யாருடையது என்று பார்க்க வேண்டும். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய கவிஞர்களின் பாடல்களும் அவ்வாறே; நாட்டுடைமை என்பது எழுத்துக்குத்தான், அதற்கு வேறொருவர் அமைத்த மெட்டுக்கு அன்று.

நம் மண்ணிலேயே பிறந்த பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார். சொல்லும் மெட்டும் அவருடையவையாக உள்ள உருப்படிகளுக்கு, பொது விதிப்படி, 2033 முடியும் வரை காலம் இருக்கிறது. கச்சேரியின் இறுதியில் வரும் துக்கடாவில் அவர் பாடலைச் சேர்க்காத கச்சேரி அரிது என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். மேடையில் பாடுவதை யாரும் வந்து தடுக்கப்போவதில்லை. பதிவை வெளியிட்டு வருமானம் பார்க்க நினைக்கும்போதுதான் உரிமையாளரின் அனுமதி வேண்டியிருக்கிறது.

சினிமாப் பாட்டு முற்றிலும் வேறு விவகாரம். 2017இல் தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா, எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். நண்பர்களுக்கு இடையிலேயே இந்த நிலை. சினிமாப் பாட்டைச் சொந்தமாக வாசித்து ஒலிப்பதிவாக வெளியிடச் சட்டத்தில் ‘கவர்’ உரிமம் என்று ஒரு வழி உண்டு. ஆனால் மூலப்பதிவு வெளியாகி ஐந்து ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமத்தொகையைச் செலுத்த வேண்டும். ஒரு சிறிய நாகஸ்வரக் குழுவுக்கு இது ஆகிற காரியமில்லை. யூடியூபில் நீங்கள் ஏற்றும் சினிமாப் பாட்டு வாசிப்புக்கு வருமானம் வந்தால் அது மெட்டின் உரிமையாளருக்குப் போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஏற்றுவதே நடைமுறையில் நடக்கிறது. அப்போதும் மூலப்பதிவின் கரோக்கி டிராக்கைப் பின்னணியில் ஓட விடாதீர்கள்; அது மெட்டுரிமையோடு ஒலிப்பதிவு உரிமையையும் சேர்த்து இழுத்து வரும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கல்யாணத்தில் வாசிப்பதற்கு உரிமத்தொகை தேவையில்லை என்று சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. சமயச் சடங்கு என்பதில் திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய விழாக்களும் அடங்கும் என்று அங்கேயே விளக்கமும் இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை ஓர் அறிவிப்பின் மூலம் மீண்டும் தெளிவுபடுத்தியது. கட்டணம் செலுத்தாத பார்வையாளர் முன்போ, ஒரு கோயிலின் நன்மைக்காகவோ தொழில்முறை அல்லாத சங்கங்கள் பாடுவதற்கும் விலக்கு உண்டு. இவை எல்லாம் அந்த இடத்தில், அந்த நேரத்தில் நடக்கும் வாசிப்புக்கு மட்டுமே. ‘கல்யாணத்தில் வாசித்ததுதானே’ என்று அதே வீடியோவை யூடியூபில் ஏற்றும்போது இந்த விலக்கு கூடவே வராது.

3. கையெழுத்துகளை முன்கூட்டியே வாங்குங்கள்

வயலின்காரர், மிருதங்கக்காரர், கஞ்சிரா, மோர்சிங், ஒத்து (சுருதிக் குழல்), தாளம் என்று மேடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தம் நிகழ்த்துதலைப் பதிவு செய்யவும் வெளியிடவும் அனுமதிக்கும் உரிமை தனித்தனியாக இருக்கிறது. ‘அண்ணா, யூடியூபில் போட்டுக்கட்டுமா?’ என்று கேட்டு அவர் தலையாட்டினால் போதும் என்பது நம் ஊர் வழக்கம். அது உறவு நன்றாக இருக்கும்வரை செல்லும். ஒரு பக்கக் கடிதம் போதும். நிகழ்ச்சியின் தேதி, இடம், பாடல் பட்டியல், எந்தெந்தத் தளங்களில் வெளியிடலாம், வருமானம் வந்தால் எப்படிப் பங்கு, சன்மானம் கொடுத்தாகிவிட்டதா என்பவற்றை எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் காகிதத்தை நீட்டக் கூச்சமாக இருந்தால், சன்மானக் கவரோடு ரசீதாகவே அதை எழுதிக் கொடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது கையெழுத்து ஒலிப்பதிவாளருடையது அல்லது வீடியோக்காரருடையது. பதிவைப் பொறுப்பேற்றுச் செய்தவரே தயாரிப்பாளர் என்று முன்பு சொன்னேன் அல்லவா? சபாவோ மண்டபமோ ஏற்பாடு செய்த வீடியோக்காரர், உங்கள் கச்சேரியைத் தம் சேனலில் முதலில் ஏற்றி, பாடல்களை இணையத் தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனம் ஒன்றின் மூலம் யூடியூபின் ஒப்பீட்டு ஏற்பாட்டிலும் (கன்டென்ட் ஐடி) பதிந்துவிட்டால், பிறகு நீங்கள் ஏற்றும் உங்கள் சொந்தக் குரலின் மீதே உரிமைகோரல் வரும். எனவே, ‘கூலி இவ்வளவு பெற்றுக்கொண்டேன்; பதிவின் உரிமை இன்னாருக்கே; என் சேனலில் முன் அனுமதியின்றி ஏற்ற மாட்டேன்’ என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு மைக்கின் ஒலியும் தனித்தனியாக உள்ள மல்டிடிராக் மூலக் கோப்புகளையும் அன்றே ஹார்டு டிஸ்கில் பெற்றுக்கொள்வது நல்லது.

கோயிலாக இருந்தால் செயல் அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். கோயில்களில் மொபைல் போனுக்குத் தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது முதல் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். போனில் பதிவு செய்துகொள்ளலாம் என்று எண்ணிப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். உற்சவ நாளில் அலுவலரைப் பிடிப்பது கடினம். கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் முன்பாகவே மனுவைக் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஹெட்போன்: எதற்காக, எது, எவ்வளவு

மொபைலின் சிறு ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் எழுவதே இல்லை. மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்க முகம்), தவிலின் இடந்தலை, தம்பூராவின் மந்தர ஸட்ஜம் ஆகியவற்றை அது கிட்டத்தட்ட விழுங்கிவிடும். அதில் கேட்டு ‘நன்றாக வந்திருக்கிறது’ என்று முடிவு செய்யாதீர்கள்.

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மொபைல் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குபவை பெரும்பாலும் புளூடூத் வகைகள். சினிமாப் பாட்டுக்கு என்று கீழ்ஸ்தாயியை ஊதிப் பெரிதாக்கியவை. பாட்டு கேட்டுப் பொழுதுபோக்க அவை தப்பில்லை. பதிவைச் சரிபார்க்க அவை உதவா: தொப்பி இல்லாத கனத்தோடு கேட்கும், நீங்கள் அதைக் குறைப்பீர்கள், மற்றவர் போனில் மிருதங்கம் பலகையைத் தட்டுவதுபோல் கேட்கும். மேலும், புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதித்தே காதுக்கு வரும். பாடிக்கொண்டே உங்கள் குரலை அதில் கேட்டால் தாளம் வழுக்கும். ஆகவே ஒயர் உள்ளதையே வாங்குங்கள்.

அடுத்த தேர்வு, பின்பக்கம் மூடியதா திறந்ததா என்பது. மூடிய வகையில் வெளிச்சத்தம் குறைவாக வரும்; உள்ளே ஒலிப்பதும் வெளியே கசிந்து மைக்கில் ஏறாது. பாடும்போது காதில் போட்டுக்கொள்ள இதுதான் வேண்டும். திறந்த வகையில் ஒலி விசாலமாக இருக்கும். நெடுநேரம் கேட்டாலும் காது அடைத்தாற்போல் ஆகாது. ஆனால் மின்விசிறியின் ஓசையும் வாசலில் போகும் டவுன் பஸ்ஸின் ஹாரனும் சேர்ந்தே கேட்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மூடியதையே வாங்குங்கள்.

மூன்றாவது, ஓம் கணக்கு, அதாவது ஹெட்போனின் மின்தடை அளவு. 32 முதல் 64 ஓம் வரை உள்ளவை மொபைலிலும் லேப்டாப்பிலும் தாராளமாக ஒலிக்கும். சோனி எம்.டி.ஆர்-7506 (63 ஓம்), ஆடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ் (38 ஓம்), அதன் தம்பியான எம்20எக்ஸ் (47 ஓம்), சென்ஹைசர் எச்.டி.280 புரோ (64 ஓம்) ஆகியவை இந்த வகை, நான்கும் மூடியவை. சென்ஹைசர் எச்.டி.600 போன்ற 300 ஓம் வகை அருமையானது. ஆனால் அதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும், செலவு இரட்டிப்பாகும். பேயர்டைனமிக் டி.டி.770 புரோ ஒரே தோற்றத்தில் 32, 80, 250 ஓம் என மூன்று விதமாக வருகிறது. விலை குறைவாகத் தெரிகிறது என்று பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் பார்க்காமல் 250 ஓம் வாங்கிவிட்டால் போனில் கிசுகிசுப்பாகத்தான் கேட்கும். போனில் 3.5 மி.மீ. துளை இல்லையென்றால் யூ.எஸ்.பி.-சி டாங்கிள் (சிறு இணைப்பி) ஒன்று வேண்டும் என்பதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐயாயிரத்தை ஒட்டி ஒரு நல்ல தொடக்கநிலை ஸ்டுடியோ ஹெட்போன் கிடைத்துவிடும். பத்து முதல் பதினைந்தாயிரத்தில் தொழில்முறையாளர் பயன்படுத்துவதே வரும். அதற்குமேல் போடும் பணத்தை மைக்கில் போடுவது மேல். ‘ஹை-ரெஸ்’ என்று தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். மனிதக் காதுக்கு எட்டுவது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும்.

வாங்கும்போது நான்கு விஷயங்களைப் பார்க்கவும். ஒயர் கழற்றி மாட்டக்கூடியதாக இருந்தால் அறுந்தபோது முழு ஹெட்போனையும் எறிய வேண்டியிருக்காது. காதுப்பஞ்சு தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் வியர்வைக்கும் செயற்கைத் தோல் இரண்டு கோடையைத் தாண்டாமல் உரிந்து கன்னமெல்லாம் கறுப்புத் துகளாக ஒட்டும். ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்குங்கள். இறக்குமதிச் சரக்கு என்று சொல்லிப் பாதி விலைக்குத் தருவதில் போலி அதிகம், உத்தரவாதமும் செல்லாது. கடைசியாக, கடைக்காரர் போடும் பாட்டில் சோதிக்காதீர்கள். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு கச்சேரிப் பதிவைக் கொண்டு போய், தம்பூராவில் ஜீவா (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) வைத்த தந்தியின் ரீங்காரம் பாட்டுக்கு அடியில் அறுபடாமல் கேட்கிறதா, மிருதங்கத்தின் வலப்பக்க மீட்டுச் சொல்லும் தொப்பிச் சொல்லும் ஒன்றோடொன்று ஒட்டாமல் கேட்கின்றனவா, பாடகரின் ‘ஸ’ காதைக் குத்துகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றிலும் தேறினால் வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நாகஸ்வரக்காரரும் தவில்காரரும் ஏற்கெனவே பெரும் ஒலிக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம் என்று எல்லை வைக்கிறது. 90 டெசிபெல் ஆனால் அது நான்கு மணி நேரமாகச் சுருங்கிவிடும். கச்சேரி முடிந்த அன்றிரவே ஹெட்போன் போட வேண்டாம்; காது ஒரு நாள் ஓய்ந்த பிறகு கேட்டால்தான் சமநிலையும் தெரியும்.

5. ஏற்றுவதற்கு முன் கேட்கும் முறை

வால்யூமைப் பாதிக்குமேல் ஏற்றாமல் முழுப் பதிவையும் மூன்று முறை கேளுங்கள். முதல் முறை பாட்டைக் கேட்காதீர்கள். பாட்டுக்குப் பின்னால் இருப்பதை மட்டும் கேளுங்கள். இதுதான் முக்கியமான சுற்று. கோயில் மண்டபத்தில் பதிவு செய்தது என்றால், ஆலாபனைக்கு நடுவே மூச்சு வாங்கும் இடைவெளியில், தேரடி டீக்கடையின் பாட்டு மெல்லிதாக உள்ளே வந்திருக்கும். தெருவில் போகும் பிரசார ஆட்டோ, அன்னதானக் கூடத்தின் ஒலிபெருக்கி, பார்வையாளர் ஒருவரின் ரிங்டோன் என்று எதுவும் இருக்கலாம். போன் ஸ்பீக்கரில் இவை கேட்காது; ஆனால் யூடியூபின் இயந்திரம் சில வினாடிகளையே வைத்துக்கூடச் சினிமாப் பாட்டை அடையாளம் கண்டுவிடும். அப்படி ஓர் இடம் அகப்பட்டால் நிமிடம், வினாடி குறித்து, அந்தத் துண்டை வெட்டுங்கள் அல்லது அமைதியாக்குங்கள். அந்த நேரக்குறிப்பு பின்னால் பதில் எழுதும்போதும் கைகொடுக்கும்.

இரண்டாம் சுற்றில் சுருதி. செயலியிலிருந்தோ மின்சுருதிப் பெட்டியிலிருந்தோ வந்த தம்பூரா என்றால், அதே மாதிரி ஒலியை ஆயிரம் பேர் பயன்படுத்தியிருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அத்தகைய பதிவை உங்களுக்கே தனிப்பட்டது என்று ஒப்பீட்டு ஏற்பாட்டில் பதியக்கூடாது. இதற்கு எட்டாம் படியில் மீண்டும் வருகிறேன்.

மூன்றாம் சுற்றில்தான் ஏற்ற இறக்கம், 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல், மைக்கில் மோதிய மூச்சு முதலியன. ஒலியை அளவுக்கு மீறி அழுத்திப் பெரிதாக்க வேண்டாம். யூடியூப் ஏறத்தாழ மைனஸ் 14 லஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவுக்கு மேல் உள்ளதைத் தானே இறக்கிவிடும். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் வீரியம் போனதுதான் மிச்சமாகும்.

6. உரிமைகோரல் வந்தால்

முதலில் வந்திருப்பது எது என்று பாருங்கள். ஒப்பீட்டு இயந்திரத்தின் உரிமைகோரல் ஒன்று. வீடியோவை நீக்கச் சொல்லும் கோரிக்கையால் சேனலின் மீது விழும் ஸ்டிரைக் (எச்சரிக்கைப் புள்ளி) மற்றொன்று. முதலாவது உங்கள் சேனலுக்குக் களங்கமில்லை. அந்த வீடியோவின் வருமானம் கோரியவருக்குப் போகும், அல்லது சில நாடுகளில் தடைபடும், அவ்வளவுதான். இரண்டாவது அப்படியல்ல. 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போய்விடும்.

உரிமைகோரலைத் திறந்தால் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, எதன் மீது கோரப்பட்டிருக்கிறது என்று காட்டும். ஒலிப்பதிவின் மீதா, மெட்டின் மீதா என்பதைக் கவனியுங்கள். பழைய கிருதி ஒன்றில் ஒலிப்பதிவு என்று கோரியிருந்தால், ‘இது நாங்கள் இன்ன தேதியில் இன்ன இடத்தில் பதிவு செய்த எங்கள் சொந்த நிகழ்ச்சி, அவர்கள் பதிவின் எந்தப் பகுதியும் இதில் இல்லை’ என்று எழுதுங்கள். மெட்டு என்று கோரியிருந்தால், ‘இயற்றியவர் தியாகராஜர், மறைந்தது 1847, இந்தியச் சட்டப்படி காலம் முடிந்தது’ என்று எழுதுங்கள். இரண்டே வரி போதும். நம் பாரம்பரியத்தின் பெருமையை அங்கே விளக்கப் புகுந்தால் படிப்பவருக்குப் புரியாது. கோபமாக எழுதினாலும் பயனில்லை.

காலக்கணக்கு இப்படி. ஆட்சேபம் எழுதிய பின் கோரியவருக்கு 30 நாள் அவகாசம். அதற்குள் பதில் வராவிட்டால் கோரிக்கை தானே விலகும். நிராகரித்தால் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு அவருக்கு ஏழு நாள். மேல்முறையீட்டுக்குப் பிறகும் அவர் விடாப்பிடியாக இருந்தால் நீக்கக் கோரிக்கை கொடுப்பார், அப்போது ஸ்டிரைக் விழும்; அதற்கு நீங்கள், நீக்கியது தவறு என்று எதிரறிவிப்பு கொடுத்தால், 10 வேலை நாளுக்குள் வழக்குத் தொடர்ந்ததற்கான சான்றை அவர் காட்ட வேண்டும். எதிரறிவிப்பில் உங்கள் முழுப் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும் என்பதை அறிந்து கொடுங்கள். மும்மூர்த்திகள் கிருதியாக இருந்தால் தயங்காமல் கடைசிவரை போகலாம். மெட்டில் ஐயம் இருந்தால் முதல் கட்டத்திலேயே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

வருமானம் வருகிற சேனலாக இருந்தால் ஐந்து நாளுக்குள் ஆட்சேபம் கொடுங்கள். அப்போதுதான் முதல் நாளிலிருந்தே தொகை நிறுத்தி வைக்கப்பட்டு, முடிவில் ஜெயித்தவருக்குப் போகும். இந்த முப்பது நாள் கணக்கை வைத்துத்தான், தை மாதத் தியாகராஜ ஆராதனைக்குப் பரவ வேண்டிய வீடியோவைக் கார்த்திகையிலேயே, ‘தனிப்பட்டது’ என்ற நிலையில் ஏற்றி வைக்கச் சொல்கிறேன். உரிமைகோரல் வருவதானால் அப்போதே வந்துவிடும். பொதுவில் திறக்கும் நாளில் தலைவலி இருக்காது.

7. அரசிடம் பதிவு செய்ய வேண்டுமா?

பதிப்புரிமை படைத்த கணத்திலேயே வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. நீங்களே இயற்றிய வர்ணமோ தில்லானாவோ இருந்து, பின்னால் தகராறு வரலாம் என்று தோன்றினால் பதிவு செய்யுங்கள். நீதிமன்றத்தில் அது முதல்நிலைச் சான்று. தில்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தின் இணையத்தளத்தில், படிவம் 14இல், நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். இசைப் படைப்புக்கு ரூ.500, சாஹித்யத்துக்குத் தனியாக ரூ.500, ஒலிப்பதிவுக்கு ரூ.2,000. சாஹித்யத்தையும் மெட்டையும் ஒரே விண்ணப்பத்தில் அடக்க முயல்வது வழக்கமான தவறு, திருப்பி அனுப்புவார்கள். மெட்டுக்கு ஸ்வரக் குறிப்போடு கூடிய பிரதியும், ஒலிப்பதிவுக்கு உடன் வாசித்தவர்களின் ஆட்சேபமின்மைக் கடிதங்களும் கேட்கப்படும். மூன்றாம் படியில் வாங்கிய கையெழுத்துகள் இங்கே உதவும்.

விண்ணப்பத்துக்கான டைரி எண் கிடைத்த பின் யாரேனும் ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள். அதன் பிறகுதான் பரிசீலனை. சான்றிதழ் கையில் வரப் பல மாதம் ஆகலாம். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர்கள் தேவையில்லை.

சொந்த உருப்படிகள் இருந்தால் பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு உரிமத்தொகை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் பாடலாசிரியராகவோ இசையமைப்பாளராகவோ சேருங்கள். பான், ஆதார், ரத்து செய்த காசோலை, வெளியான படைப்புகளின் பட்டியல் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். பழைய கிருதிகளை மட்டும் பாடுபவருக்கு அங்கே வருமானம் ஏதும் இல்லை.

8. நிறுவனம் ஒப்பந்தம் நீட்டினால்

உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நாடுகள், எவ்வளவு தொகை என்பவை குறிக்கப்பட்டிருக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இதை அறிந்தவர்கள்தாம் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும், இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்’ என்று ஒரு வரியை நடுவில் வைக்கிறார்கள். அந்த வரியை அடித்துவிட்டு மூன்று ஆண்டு என்று எழுதக் கேளுங்கள். பலர் மறுபேச்சின்றி ஒப்புக்கொள்கிறார்கள். சொந்தச் சாஹித்யம், மெட்டு ஆகியவற்றுக்கு, 2012இன் திருத்தத்துக்குப் பிறகு, உரிமத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை நீங்களே விரும்பினாலும் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது. ‘ராயல்டி அனைத்தையும் துறக்கிறேன்’ என்ற வாசகம் இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

விநியோக நிறுவனத்தின் இணையப் படிவத்தில் யூடியூப் ஒப்பீட்டு ஏற்பாட்டில் சேர்க்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். சிலவற்றில் அது ஏற்கெனவே டிக் செய்யப்பட்டே வரும். செயலித் தம்பூராவோ, பிறரிடமிருந்து எடுத்த தாள லூப்போ உங்கள் பதிவில் இருந்தால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால், அதே ஒலியைப் பயன்படுத்திய இன்னொரு பாடகரின் வீடியோவின் மீது, உங்களுக்கே தெரியாமல், உங்கள் பெயரில் உரிமைகோரல் போகும். கிருதிகளை மட்டும் கொண்ட ஆல்பத்தில் ‘இயற்றியவர்’ என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதாமல் தியாகராஜர், தீட்சிதர் என்று உரியவரையே எழுதி, ‘பொதுவுடைமை’ என்ற தெரிவைக் குறியுங்கள். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்களிடம் வந்து சேரும்வரை மூல வேவ் கோப்பை அனுப்பாதீர்கள். அதுவரை கேட்டுப் பார்க்க எம்.பி.3 போதும்.